யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன்: நெல் வயலில் தழைச்சத்தைக் கையாள ஒரு வழிகாட்டி

காவிரிப் படுகையில் முதல்முறையாக நெல் போடப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா? பக்கத்து வயல்காரர் மூன்று என்பார், உரக்கடைக்காரர் நாலு என்பார், யூடியூப் பார்த்துவிட்டு வந்த மைத்துனர் ஒன்றுகூட வேண்டாம் என்பார். மூன்று பேரும் விட்டுவிடுகிற விஷயம், போட்டதில் எவ்வளவு பயிருக்குப் போய்ச் சேர்கிறது என்பது. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் நாம் வீசும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பத்தில் மூன்று நான்கு பங்கைத்தான் அந்தப் பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் கொஞ்சம் மண்ணில் தங்கும், மற்றதெல்லாம் காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். அதனால் இந்தக் கட்டுரையில் யூரியாவைத் திட்டப் போவதில்லை, வீணாவதை எப்படி அடைப்பது என்றுதான் பார்க்கப் போகிறோம். அடைத்தால் மூட்டை தானாகவே குறையும்.

எங்கே போகிறது?

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். தேங்கிய தண்ணீரில் விழுந்த யூரியா ஓரிரு நாளில் அம்மோனியமாக மாறத் தொடங்கிவிடும். மத்தியான வெயிலில் வயல் தண்ணீரில் இருக்கும் பாசி கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், ஏறியதும் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகக் கிளம்பும், காற்று வீசினால் கேட்கவே வேண்டாம். இதுதான் நம் களிமண் வயல்களில் பெரிய ஓட்டை.

இரண்டாவது ஓட்டை, காய்ந்து நனையும் வயல். காய்ந்த நேரத்தில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும், திரும்பத் தண்ணீர் கட்டியதும் மண்ணில் காற்றில்லாமல் போய், அந்த நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் வாயுவாக்கி விட்டுவிடும். பெரும்பகுதி சாதாரண நைட்ரஜன் வாயுதான், அதனால் நஷ்டம் நமக்கு மட்டும். ஆனால் கூடவே கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடு போகும், அது நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஏறக்குறைய 273 மடங்கு பூமியைச் சூடாக்குவது.

மூன்றாவது, தண்ணீரோடு போவது. மேலுரம், அதாவது பயிர் வளரும்போது மேலே வீசும் உரம், போட்ட மறுநாள் கனமழை பெய்து வரப்பு வழிந்தால் அது வடிகாலுக்குப் போகும், வடிகாலில் வெங்காயத்தாமரை ஏன் இப்படி மண்டுகிறது என்பதற்கு ஊர்ச் சாக்கடையோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம். மணற்பாங்கான நிலமாக இருந்தால் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, மீறினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியது பல காலமாகப் பேசப்படும் பிரச்சினை, அங்கே தோட்டத்து உரமும் மலக்குழியும் இரண்டுமே அதே கிணற்றுக்குள்தான் இறங்குகின்றன.

சரி, அப்படியானால் மொத்தமாக நிறுத்திவிடலாமே என்று தோன்றும். இலங்கை 2021-இல் அதைத்தான் செய்தது. 2019 அக்டோபரில் கொழும்பில்தான், நைட்ரஜன் வீணாவதை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற கொழும்புப் பிரகடனம் வெளியானது, நல்ல இலக்கு. ஆனால் இரண்டே ஆண்டில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தார்கள், மாற்று உரம் போதிய அளவில் தயாராக இல்லை, நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று, அந்தப் போகத்தில் நெல் விளைச்சலும் விழுந்தது. வீணாவதைப் பாதியாக்குவதும் உரத்தையே பூஜ்யமாக்குவதும் ஒன்றல்ல. உங்கள் ஒரு ஏக்கருக்கும் இது பொருந்தும்: ஒரே போகத்தில் பூஜ்யத்துக்குப் போகாதீர்கள்.

முதல் வேலை: மண்ணைக் கேளுங்கள்

கோடையில், வயல் காய்ந்து கிடக்கும்போது மண் எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், தண்ணீர் உள்ளே வரும் வாய்மடைப் பக்கம் எல்லாம் வேண்டாம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்தப் பக்கச்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, இப்படியே அரை கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

முடிவில் கிடைக்கும் தழைச்சத்து எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று வரும். நம் பக்கத்து நிலங்களில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம். அதைவிட அங்ககக் கரிமம் என்ற வரியைக் கவனியுங்கள், அது குறைவாக இருந்தால் எவ்வளவு யூரியா கொட்டினாலும் பிடித்து வைக்க மண்ணில் ஆள் இல்லை என்று அர்த்தம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) எவ்வளவு இருக்கிறது என்பதையும் அதே முடிவு அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள், மணிச்சத்துக்காகப் போடும் டி.ஏ.பி. உரம் வேண்டுமா வேண்டாமா என்பது அங்கேதான் தெரியும்.

மூட்டையில் வராத தழைச்சத்து

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தக்கைப்பூண்டுதான், பச்சையாகவே வளர்த்து மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிர் அது. ஏக்கருக்கு 20 கிலோ விதை, கோடை மழையிலோ முதல் தண்ணீரிலோ விதைத்துவிட்டால் 40, 45 நாளில் இடுப்பளவு வந்துவிடும். பூப்பதற்கு முன்னால் மடக்கி உழ வேண்டும். பூத்துத் தண்டு நாராகிவிட்டால் மக்குவதற்கு நாளாகும், நடவு ஆட்களும் காலில் குத்துகிறது என்று திட்டுவார்கள். உழுது ஒரு வாரம் பத்து நாள் விட்டு நடவு செய்யுங்கள், தண்ணீரை அதுவரை ஆழமாகக் கட்டி வைக்காமல் சேறு ஈரமாக இருக்கும் அளவுக்கு வைத்தால் போதும், ஆழத் தண்ணீருக்குள் பச்சைத் தழை அழுகினால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு அதிகம் வரும். சணப்பு மேட்டு நிலத்துக்கு நல்லது. தண்டிலேயே முடிச்சு விடும் மணிலா அகத்தி தண்ணீர் தேங்கும் பள்ள வயலுக்குத் தோது. கொழிஞ்சி ஒருமுறை விழுந்துவிட்டால் விதை மண்ணிலேயே கிடந்து ஒவ்வொரு கோடையிலும் தானே முளைக்கும், ஆடு மாடும் அவ்வளவாகக் கடிக்காது. தமிழ்நாடு அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானியத்தில் கொடுக்கிறார்கள், வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள், கேட்கும்போது இருக்காது.

தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடியான அசோலாவை, நெல் நட்ட 3 முதல் 5 நாளுக்குள் ஏக்கருக்கு 100 கிலோ தூவலாம். அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருக்கும் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. இன்னொரு நன்மையை யாரும் சொல்வதில்லை: தண்ணீர் மேல் பாய் விரித்தது போல் மூடிக்கொள்வதால் மற்றப் பாசிக்கு வெயில் கிடைக்காமல், மேலே சொன்ன அம்மோனியா ஓட்டை சிறிதாகிறது. களை எடுக்கும்போது கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியை ஓட்டி மிதித்துவிட்டால் அதுவும் உரம். குறுவை, அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலப் போகத்து வெயிலில் கொஞ்சம் தடுமாறும், மழைக்காலத்துச் சம்பாப் போகத்தில் நன்றாக வரும்.

தொழு உரத்தில் நைட்ரஜன் அரை சதவீதம் அளவுதான், டன்னுக்கு 5 கிலோ. அதிலும் முதல் போகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வரும். ஆகவே யூரியாவுக்கு நேர் மாற்றாக நினைக்காமல் மண்ணுக்கான முதலீடாகப் போடுங்கள். மாட்டின் கழிவில் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு கோமியத்தில்தான் இருக்கிறது. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுச் சாணத்தை மட்டும் அள்ளி, அதையும் வெயிலிலும் மழையிலும் திறந்து போட்டு ஒரு வருடம் கழித்து வயலுக்குக் கொண்டு போகிறவர்கள் நிறைய. தொழுவத்தில் வைக்கோலையோ சருகையோ பரப்பிக் கோமியத்தை ஊறவிட்டு, குவியலை நிழலில் வைத்து மண்ணாலோ தென்னங்கீற்றாலோ மூடினால் அதே மாட்டிலிருந்து நல்ல உரம் கிடைக்கும்.

அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் போன்ற உயிர் உரங்கள் செலவு குறைவு, போடலாம். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள், ரசாயன உரத்தோடு கலந்து வீசாதீர்கள். அவ்வளவுதான் அதைப் பற்றி.

இப்போது கணக்கு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் படுகையில் குறுகிய கால ரகங்களுக்குச் சொல்லும் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ. வெள்ளைப் பொன்னி மாதிரி உரத்துக்கு அதிகம் அசையாத, உயரமாக வளர்ந்து சாயும் ரகத்துக்கு 75 கிலோதான், ஏக்கருக்கு 30. ரகத்தைக் கேட்காமல் யாராவது அளவு சொன்னால் அங்கேயே நம்பாதீர்கள். பாரம்பரிய ரகம் போட்டால் இதைவிடவும் குறைவுதான் தேவைப்படும். ஊரில் 'மா' கணக்கில் பேசுவார்கள், 3 மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டு வகுத்துக்கொள்ளுங்கள்.

குறுவையில் ஒரு ஏக்கர் கோ 51 என்று எடுத்துக்கொள்வோம். தேவை 60 கிலோ. மணிச்சத்துக்காக ஒரு மூட்டை டி.ஏ.பி. அடியுரமாக, அதாவது நடவின்போது, போடுகிறீர்கள், அந்த 50 கிலோவில் 18 சதவீதம், அதாவது 9 கிலோ தழைச்சத்து ஏற்கெனவே வந்துவிட்டது. இதைக் கழிக்க மறப்பதுதான் நான் பார்த்ததில் மிகப் பரவலான தவறு. தக்கைப்பூண்டு நன்றாக வந்து மடக்கி உழுதிருந்தால் முதல் வருடம் அடக்கமாக 15 கிலோ என்று எழுதுங்கள் (இதைவிட அதிகம் கிடைக்கலாம், ஆனால் கண்ணால் பார்க்காததைக் கணக்கில் ஏற்ற வேண்டாம்). 2 டன் தொழு உரத்திலிருந்து 3 கிலோ. மொத்தம் 27. பாக்கி 33 கிலோ. அதை 46 சதவீதத்தால் வகுத்தால் 72 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். எதையும் கழிக்காமல் 60 கிலோவையும் யூரியாவாகவே போட்டிருந்தால் 130 கிலோ, ஏறக்குறைய மூன்று மூட்டை.

ஒரு மூட்டை 266 ரூபாய் 50 காசு, மானியத்தில். இந்த விலையில் யாரும் கணக்குப் போட மாட்டார்கள் என்பதுதான் உண்மையான சிக்கல், கூடப் போட்டால் பையைக் கடிப்பதில்லை, பூச்சிமருந்துச் செலவில்தான் பிறகு கடிக்கும்.

எப்போது போடுவது: இலையைப் பாருங்கள்

நட்ட உடனே நாற்றுக்கு வேர் பிடிக்கவே வாரம் பத்து நாள் ஆகும், அந்த நேரத்தில் கொட்டும் யூரியாவை எடுத்துக்கொள்ள வேர் கிடையாது. டி.ஏ.பி.யும் பசுந்தாளும் இருந்தால் அடியுரமாக யூரியா தேவையில்லை. பாக்கி 72 கிலோவை மூன்று தவணையாக, தவணைக்கு 24, 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தூர் கட்டும்போது, அதாவது பக்கத் தண்டுகள் வெடிக்கும்போது ஒன்று, கதிர் உருவாகும்போது ஒன்று, கதிர் வெளிவரும் சமயம் ஒன்று. இது காலண்டர் கணக்கு. பயிர் காலண்டர் பார்ப்பதில்லை என்பதால் இலை வண்ண அட்டை வேண்டும்.

வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் அட்டை அது. வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் கிடைக்கும், விலை ஒரு பொருட்டே இல்லை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பு என்றால் 21-ஆம் நாளிலிருந்து, வாரம் ஒருமுறை காலை 8 முதல் 10 மணிக்குள் வயலில் இறங்குங்கள். அங்கங்கே பத்துக் குத்துகளில், மேலே முழுதாக விரிந்த இளம் இலையை, பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டையில் வைத்து ஒப்பிடுங்கள். வெயில் நேராக இலையில் படாமல் உங்கள் உடம்பு நிழலில் பார்க்க வேண்டும், வாராவாரம் ஒரே ஆள் பார்த்தால் நல்லது, ஏனென்றால் ஒருவர் கண்ணுக்கு மூன்று இன்னொருவர் கண்ணுக்கு நாலு. பத்தில் ஆறு இலை அந்த ரகத்துக்கான எண்ணுக்குக் கீழே இருந்தால் ஒரு தவணை போடுங்கள். பொன்னி மாதிரி ரகங்களுக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டுக்கும் 4. கீழே இல்லையா, கரையேறி வீட்டுக்குப் போங்கள். பூக்க ஆரம்பித்த பிறகு அட்டையை மடித்து வைத்துவிடலாம்.

பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று தவணையில் முடிந்துவிடும். மூன்றாவதை அட்டை கேட்காவிட்டால் அந்த 25 கிலோவை வீட்டிலேயே வைத்திருக்கத் துணிச்சல் வேண்டும், வாங்கிவிட்டோமே என்று போடக்கூடாது.

கதிர் உருவாகும் தருணத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அறுவடைக்குச் சுமார் 60, 65 நாள் முன்னால் வரும், குறுகிய கால ரகத்தில் விதைத்து 45, 50 நாளிலேயே வந்துவிடும். உறுதியாகத் தெரிய, தாய்த்தூர் (முதல் தண்டு) ஒன்றைப் பிடுங்கி அடியில் நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், கணுவுக்கு மேல் பஞ்சு நுனி மாதிரி வெள்ளையாக ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் தெரிந்தால் அதுதான் கதிர். சாம்பல் சத்தின் ஒரு பங்கையும் இப்போது சேர்த்துக் கொடுங்கள்.

எப்படி வீசுவது

ஒரே அளவு யூரியாவில் பாதியைக் காப்பதும் இழப்பதும் இந்த அரை மணி நேரத்தில்தான். முந்தின நாள் தண்ணீரைச் சுண்டவிட்டு, சேறு தெரியும் அளவு மெல்லிய ஈரத்தில் வீசுங்கள். வாய்மடையும், தண்ணீர் வெளியேறும் வடிமடையும் அடைத்திருக்க வேண்டும். களை எடுத்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கோரைக்குச் சாப்பாடு போடுகிறீர்கள். சாயங்காலம், காற்று ஓய்ந்த நேரம் நல்லது. காலை இலையில் பனி இருக்கும்போது வீசினால் குருணை இலையில் ஒட்டிக் கருக்கும். ஒரு நாள் கழித்து மெதுவாக இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள், சத்து மண்ணுக்குள் இறங்கும். அப்புறம் ஒரு வாரத்துக்காவது வயலை வெடிக்கவிட வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது மீத்தேனைக் குறைக்கும், தண்ணீரையும் மிச்சப்படுத்தும், நல்ல முறைதான், ஆனால் யூரியா போட்ட கையோடு காயவிட்டால் இரண்டாவது ஓட்டை திறந்துகொள்ளும்.

ஐப்பசி கார்த்திகையில் வானிலை அறிக்கை பார்க்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். இரண்டு நாளில் கனமழை என்றால் தள்ளிப்போடுங்கள், பயிர் நாலு நாள் பொறுக்கும்.

2015 முதல் இந்தியாவில் விவசாயத்துக்காகத் தயாராகும் யூரியா ஏறக்குறைய எல்லாம் வேம்பு பூசியதுதான். வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் அம்மோனியாவாகப் பறப்பதை அது தடுக்காது, அதனால் வேம்பு பூசியிருக்கிறதே என்று மத்தியானத்தில் வீச வேண்டாம். யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம் புண்ணாக்கு 1 என்ற பங்கில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடும் பழைய பரிந்துரை இன்னும் நல்ல பரிந்துரைதான். சாம்பலோடும் சுண்ணாம்போடும் மட்டும் கலக்காதீர்கள், காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவாகப் பறப்பது அதிகமாகும், அது உங்கள் காசு.

மஞ்சள் எல்லாம் யூரியாப் பசி இல்லை

புதியவர்கள் மஞ்சளைக் கண்டதும் யூரியாவுக்கு ஓடுவார்கள். தழைச்சத்துக் குறைவு என்றால் கீழ் இலை, பழைய இலை முதலில் மஞ்சளாகும், வயல் முழுக்க ஒரே சீராக இருக்கும். இளம் இலை முதலில் மஞ்சளாகிறதென்றால் கந்தகத்தையோ இரும்பையோ சந்தேகியுங்கள். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் திட்டுத் திட்டாகப் பயிர் குன்றி, கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளி இருந்தால் துத்தநாகக் குறைவு, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் கேட்கிறது. ஆரஞ்சு மஞ்சளாகிப் பயிர் கட்டையானால் துங்ரோ நோயாக இருக்கலாம். தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி வேர் கறுத்திருந்தால் முதலில் வடித்துவிடுங்கள். இதில் எதற்கும் யூரியா மருந்தில்லை.

கரும்பச்சை வயலைப் பார்த்து ஊரே பாராட்டும்போதும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இலை கொழகொழவென்று வளர்ந்து, அடியில் காற்றோட்டம் இல்லாமல் போனால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வரும், இலைச்சுருட்டுப்புழு வரும், குலைநோயும் பாக்டீரியா இலைக்கருகலும் வேகமாகப் பரவும், கடைசியில் கார்த்திகை மழையில் பயிர் சாயும்.

இலையில் தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியா பற்றிக் கேட்பீர்கள். முதலில் வந்த, 4 சதவீத நைட்ரஜன் உள்ள அரை லிட்டர் பாட்டிலில் இருந்தது 20 கிராம், ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடு என்று சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் யூரியாவோடு சேர்த்துத் தலையில் கட்டினால் இலைவழித் தெளிப்பாகப் பயன்படுத்திப் பாருங்கள், அதை நம்பி மேலுரத்தை நிறுத்த வேண்டாம்.

அறுவடைக்குப் பிறகு

சம்பாவோ, குறுவைக்குப் பிறகு போடும் தாளடியோ அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, மெழுகுப் பதத்து ஈரத்தில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தோ பயறோ தெளித்துவிடும் வழக்கம் படுகையில் உண்டு. ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரை விதையில் கலந்து விதையுங்கள், பனியிலேயே வளர்ந்துவிடும், வேர்முடிச்சில் அதுவே தனக்கானதைச் சேர்த்துக்கொள்ளும். எந்திர அறுவடையில் டயர் தடம் விழுந்த இடம் மட்டும் பாழாகும், அதற்கு வழியில்லை. தாளைக் கொளுத்தாதீர்கள், அதிலிருக்கும் தழைச்சத்து ஏறக்குறைய மொத்தமும் புகையாகிவிடும். ஆனால் காய்ந்த தாளை மடக்கி உழுத உடனே நடவும் செய்யக்கூடாது, மக்குகிற நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனைத் தாங்கள் எடுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடும். மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, அட்டை எண், போட்ட கிலோ, அன்றைய மழை, கடைசியில் மா ஒன்றுக்கு எத்தனை மூட்டை நெல் என்று எழுதி வையுங்கள். வயலின் ஒரு மூலையில் அரை மா மட்டும் ஒரு தவணை குறைத்து விட்டு, அறுவடையில் அதைத் தனியாக எடை போடுங்கள். அடுத்த போகத்துக்கு 33 கிலோ என்ற அந்தப் பாக்கியை எங்கே வைப்பது என்று அந்த எடையைப் பார்த்து முடிவு செய்யலாம்.